மடிக்கணினி செயலிழந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அக்கரப்பத்தனையின் லயன் அறையொன்றில் ஒரு மடிக்கணினி இயங்காமற் போவதும் கொழும்பில் ஒரு மடிக்கணினி இயங்காமற் போவதும் ஒன்றல்ல. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற சம்பளக் கோரிக்கையே 2021 ஆம் ஆண்டில்தான் நிறைவேறிய குடும்பங்கள் இவை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டேனும் கணினி வாங்கிய பெற்றோர் பலர். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்ததும் புதிய கணினி என்பது அவர்களுக்கு எட்டாக்கனியாயிற்று. பழுதான கணினியைத் தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ கொண்டு செல்வதாயின் ஒரு நாட்சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழக்க நேரிடும். உயர்தர மாணவர் ஒருவரின் பாடக் குறிப்புகள் முழுவதும் அதனுள்ளே இருக்குமாயின் கவலை இரட்டிப்பாகும்.

ஆனால், உயிரற்றதாகத் தோன்றும் மடிக்கணினிகள் யாவும் உண்மையில் உயிரற்றவையல்ல. முதலில் சுவரிலுள்ள மின்செருகியில் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அடுத்து சார்ஜரின் வயரைக் கவனிக்க வேண்டும். அது வளையும் இடத்தில் உள்ளே அறுந்திருப்பது மிகச் சாதாரணம். எமது அலுவலகக் கணினியொன்று பழுதென்று ஒதுக்கப்பட்டு ஒரு வாரம் கழிந்த பின்னரே, குற்றம் சார்ஜரினுடையது என நாம் கண்டறிந்தோம். இரவற் சார்ஜரைப் பொருத்துவதாயின் அதன் வோல்ட் அளவும் முனையும் பொருந்துகின்றனவா என்பதைப் பார்த்தல் அவசியம்.

அதன் பின்னரும் உயிர் வராவிடின், சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரியாயின் அதனையும் அகற்றி, மின்பொத்தானை முப்பது விநாடிகள் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வெளியேறியதும் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கினால் பல கணினிகள் விழித்துக்கொள்கின்றன. விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்குமாயின், டோர்ச் ஒளியைத் திரையில் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலான உருவம் தெரிந்தால் கணினி இயங்குகின்றது, பின்னொளியே பழுது. தொலைக்காட்சியுடன் இணைத்தும் இதனை உறுதிசெய்யலாம்.

மலையகத்தின் மூடுபனியும் ஈரலிப்பும் தனியான விடயம். குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த கணினியினுள் நீர்த்துளி படியக்கூடும். சில மணிநேரம் அணைத்து வைத்த பின்னரே இயக்க வேண்டும். தேநீர் சிந்தினால் உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். அரிசியில் புதைத்து வைப்பதால் உள்ளே புகுந்த சீனித் தேநீர் வெளியேறப் போவதில்லை. இடிமின்னல் வேளையிலும் மின்வெட்டின் பின் மின்சாரம் திரும்பும் தறுவாயிலும் சார்ஜரைக் கழற்றி வைப்பது நன்று.

இனி, திருத்துவதா கைவிடுவதா? சார்ஜர், பற்றரி, ரேம், விசைப்பலகை, சார்ஜர் செருகும் துவாரம் ஆகியவற்றில் பழுதாயின் தயங்காமல் திருத்தலாம். மதர்போர்ட் பழுதெனக் கூறப்பட்டாலே யோசிக்க வேண்டும். மதர்போர்ட் முழுவதையும் மாற்றாமல் பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்ற இயலுமா எனக் கேளுங்கள். கூறப்படும் செலவு, அதே தரத்திலான பாவித்த கணினியொன்றின் விலையில் பாதியைத் தாண்டுமாயின் நிறுத்திக்கொள்வதே உசிதம் என்பது எமது கருத்து. விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது உண்மையே. எனினும் அதற்காகவே பழைய கணினியை வீச வேண்டியதில்லை. லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கின்றது.

கணினியைக் கைவிடுவதும் கோப்புகளைக் கைவிடுவதும் வெவ்வேறானவை. மதர்போர்ட் செயலிழந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை மீட்கலாம். சேமிப்பகம் மதர்போர்ட்டிலேயே பற்றவைக்கப்பட்ட சில புதிய வகைகளில் மாத்திரம் இது கடினம். கடையில் ஒப்படைக்கும்போது கோப்புகள் அழிக்கப்படக் கூடாது என்று ரசீதிலேயே எழுதிப் பெறுங்கள். உத்தேசச் செலவை அறியாமல் வேலையைத் தொடங்க அனுமதிக்க வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஊதிப் பருத்த பற்றரியை மட்டும் வீட்டில் வைத்திருக்கலாகாது. அதனைக் குத்தவோ, விறகடுப்பில் இடவோ, தேயிலை மலையில் வீசவோ கூடாது. தீப்பற்றாத பாத்திரத்தில் வைத்து, திருத்தும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்.