கரை ஒதுங்கும் உடலுக்கு ஒரு பெயர்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளைக் கடந்து உள்ளே செல்கிறவர், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் மாண்டுபோன அந்நிய தேசத்து மனிதர்களின் பெயரும் நாளும் இன்றைக்கும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்குக் கல்லில் ஆழமாக வெட்டப்பட்டிருப்பதைக் காண்பார். அதே ஏரியின் கரையில், சுண்ணாம்புக்குளத்தில் பிறந்து, அதன் தண்ணீரிலேயே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த ஒருவன், முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் தவறி விழுந்து, ஐந்தாறு நாள் கழித்து வேற்றூர்க் கரையில் ஒதுங்குவானாகில், 'அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வயது சுமார் நாற்பது' என்ற ஒற்றை வரிக்குள் அவனுடைய சரித்திரம் முடிந்துவிடக்கூடும்.

அந்த வரி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இறப்புச் சான்றிதழ் கைக்கு வராதவரையில் மனைவி சுமங்கலியுமல்ல, விதவையுமல்ல. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் விபத்தில் இறந்த மீனவர் குடும்பத்துக்குரிய 5 லட்ச ரூபாய் காப்பீட்டை அவளால் கோர முடியாது. படகும் வங்கிக் கணக்கும் அவள் பெயருக்கு மாறுவதில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று பாரதிய சாட்சிய அதிநியத்தின் 111ஆம் பிரிவு, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, கூறுகிறது; ஆகவே உடல் கிடைக்காதவரின் குடும்பம் அந்த ஏழு ஆண்டுகளைக் கடனிலும் கண்ணீரிலும் கழிக்க நேர்கிறது. 2004 சுனாமிக்குப் பின்னும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பின்னும் அரசாங்கம் விசேஷ உத்தரவுகளால் இந்த நிபந்தனையைத் தளர்த்தியது உண்மைதான். ஆனால் பேரிடர் ஏதுமில்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமையில் தனியாகத் தொலைந்தவனுக்காக உத்தரவுகள் பிறப்பதில்லை.

கடல் எல்லைக்கோடு அறியாது. வாடைக் காலத்தில் தெற்கேயும் கோடையில் வடக்கேயும் இழுத்துச் செல்லும் நீரோட்டம், ஒருவனைத் தமிழ்நாட்டின் வேறொரு மாவட்டத்திலோ, ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தொடங்கிவிடுகிற ஆந்திரத்திலோ, சில வேளை அந்நிய தேசத்துக் கரையிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகையால் ஆள் திரும்பவில்லை என்று தெரிந்த அன்றே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணிலும் கடலோரக் காவற்படையின் 1554 எண்ணிலும் சொல்லிவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுப்பதும், சி.எஸ்.ஆர். என்னும் வெறும் புகார் ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கை பதியுமாறு வற்புறுத்தி அதன் நகலைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுவதும் அவசியம். குற்றம் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் இருக்குமானால், 'இது எங்கள் எல்லையில்லை' என்று எந்த நிலையமும் திருப்பியனுப்பக் கூடாது என்பதே 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அங்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவருக்கும் மனுச் செய்யலாம். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பேரிடரால் பாதிக்கப்பட்டோரும் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வழக்கறிஞர் பெறும் பாத்தியதையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கொடுத்திருக்கிறது. அதற்கு 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

உடல்களுக்குப் பெயர் காணும் காரியத்தைத் தேசங்கள் கூடி எவ்வளவு செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே 2004 சுனாமியின் மறுகரை சாட்சி. தாய்லாந்தில் மாண்ட சுமார் 5,400 பேரில் பலர் வெளிநாட்டார். பல தேசங்களின் நிபுணர்கள் புக்கெட்டில் ஒரே கூடாரமாக அமர்ந்து, சர்வதேசக் காவல் ஸ்தாபனமான இன்டர்போல் 1984இல் வெளியிட்ட வழிமுறையை அனுசரித்து, ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண்ணும் ஒரு படிவமும் ஏற்படுத்தி, பல், கைரேகை, மரபணு என்ற மூன்று அத்தாட்சிகளால் ஆயிரக்கணக்கானோரைப் பெயரோடு ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் நம்மவர்கள் பெருங்குழிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிரேதங்களைத் தம் கையாலேயே தூக்கிய இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொள்ளைநோய் பரவும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பேரிடரில் காயத்தாலும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் திட்டவட்டமான முடிவு. புதைக்க அவசரமில்லை, படம் எடுத்து, எண் இட்டு, ஒரு பல்லோ எலும்புத் துண்டோ எடுத்து வைத்து, தனித்தனிக் குழியில் புதைக்க அவகாசம் உண்டு.

உடையைப் பார்த்து அடையாளம் சொல்வது ஆபத்தானது. ஒரே கடையில் வாங்கிய ஒரே கட்டம் போட்ட கைலி ஊரில் பத்துப் பேரிடம் இருக்கும். அரைஞாண் கயிற்றின் முடிச்சும்கூட அப்படியே. தண்ணீரில் ஊறிய முகமோ பெற்ற தாய்க்கே அந்நியமாகிவிடும். தவறான உடலைப் பெற்று எரித்துவிட்ட வீட்டில் துக்கம் இரண்டாக வளர்வதோடு, எங்கோ இன்னொரு வீட்டுக்கு உரிய உடலும் இல்லாமல் போகிறது. நம் மீனவருக்குப் பல் மருத்துவரின் படங்கள் இருப்பது அபூர்வம். ஆதாரில் கைரேகை இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள்; ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதை எவருக்கும் பகிரத் தடை விதிக்கிறது. எஞ்சி நிற்பது மரபணு. இறந்தவரின் தாய், தகப்பன், பிள்ளைகள் இவர்களுடைய இரத்தமே சிறந்த ஒப்புமை; மனைவியின் இரத்தம் மட்டும் பயன்படாது, பிள்ளையோடு சேர்ந்தால் பயன்படும். விரல் நுனியில் ஊசியால் குத்தி, கனத்த காகித அட்டையில் ஒரு துளி வைத்து, நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகித உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கையொப்பம் இடுகிறார்கள்; காரியம் முழுவதும் ஐந்து நிமிஷம். காணாமற்போனவருடைய பல் துலக்கியையும் சவரக் கத்தியையும் சீப்பையும் கழுவாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள். ஒக்கியின்போது உருக்குலைந்து வந்த உடல்களுக்குத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் குடும்பத்தாரின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் பெயர் கண்டார்கள். 1849இலேயே இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடத்தைக் கண்டது சென்னை. அந்த மரபின் வாரிசான தமிழ்நாடு தடய அறிவியல் துறையிடமும் நாம் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

உடல் அந்நிய தேசத்தில் ஒதுங்கியிருக்கக்கூடும் என்று தோன்றினால், மாநிலக் காவல்துறை வழியாக மத்தியப் புலனாய்வுத் துறையை நாடலாம். இன்டர்போலுக்கு இந்தியாவின் வாசல் அதுவே. காணாமற்போனவருக்கு மஞ்சள் அறிவிப்பும், பெயர் தெரியாத பிரேதத்துக்குக் கறுப்பு அறிவிப்பும் அந்த ஸ்தாபனம் வெளியிடுகிறது. 2021இல் அது ஏற்படுத்திய 'ஐ-ஃபமிலியா' என்ற களஞ்சியத்தில் உறவினரின் மரபணு விவரம் பெயரில்லாமல் வைக்கப்பட்டு, பல தேசங்களில் கிடைத்த உடல்களோடு ஒப்பிடப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மரபணு ஒருவனுடையது மாத்திரமல்ல. அவன் பெற்றோர், பிள்ளைகள், இன்னும் பிறக்காத பேரன் வரைக்கும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. மரபணுப் பயன்பாட்டை முறைப்படுத்தவென்று கொண்டுவரப்பட்ட மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளையே சைபர் தாக்குதல் முடக்கிப்போட்டது. அவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கே அந்தக் கதி என்றால், மாவட்ட ஆய்வுக்கூடத்துப் பெட்டகத்தைப் பற்றி என்ன சொல்வது? ஆகவே மாதிரி கொடுக்கும்போது, 'காணாமற்போனவரை அடையாளம் காண மட்டுமே பயன்படுத்தப்படும், காரியம் முடிந்தபின் அழிக்கப்படும்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஒரு வரியைக் கேட்க அதுவே ஆதாரம்.

ஊரே முன்கூட்டிச் செய்துகொள்ளக்கூடியதும் ஒன்று உண்டு. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் பெயர்ப் பட்டியலை வைத்து முறை பிரிப்பார்கள். பெயர் விடுபட்டால் அன்றே சண்டை வந்துவிடும், அவ்வளவு கண்ணும் கருத்துமாக அது காக்கப்படுகிறது. அந்தப் பட்டியலின் ஓரத்தில் இன்னும் இரண்டு பத்தி கோடு போடலாம்: கடலுக்குப் போன நேரம், யாரைக் கூப்பிடுவது. கூடவே ஒவ்வொருவரின் பத்து விரல் ரேகையும், உடம்பிலுள்ள தழும்பு, பச்சை குத்திய இடம், கட்டுப்பல் ஆகிய விவரமும் ஒரு தாளில் பதித்தும் எழுதியும், உறையில் இட்டு ஒட்டி, ஊரில் ஒரு பூட்டிய பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கொடுக்க இஷ்டமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருத்தி பெண்ணாக இருக்கட்டும்.