பெயர் மறைந்த இசைப் புலமை

விவாக ஆராதனை முடிந்து மணமக்கள் ஆலயத்தினின்றும் வெளிவருகையில் ஆர்கனில் முழங்கும் ‘வெட்டிங் மார்ச்’ என்னும் இன்னிசையை நம்மில் பலரும் கேட்டிருக்கின்றோம். அதனை இயற்றியவர் ஜெர்மானிய சங்கீத வித்துவானாகிய பெலிக்ஸ் மெண்டல்ஸன். அவருடைய தமக்கையாரும் அவரைப்போன்றே இசை இயற்ற வல்லவர் என்பதை அறிந்தார் சிலரே.

தமக்கையாராகிய பேன்னி 1805-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரிற் பிறந்தவர். தம்பியுடன் ஒரே ஆசிரியரிடம் சங்கீதம் பயின்றார். கல்வி ஒன்றாயிருந்தும் அதன் பயன் வேறாயிற்று. பெலிக்ஸுக்குச் சங்கீதம் தொழிலாகலாம், மகளுக்கோ அஃது ஓர் அணிகலனாகவே இருத்தல் வேண்டும் என்று 1820-இல் தந்தையார் கடிதம் வாயிலாக அறிவுறுத்தினார். 1829-இல் பேன்னியின் விவாகத்திற்கு ஆர்கன் இசை எழுதித் தருவதாக வாக்களித்த தம்பியார், இலண்டனில் வண்டி விபத்தினாற் காயமுற்று அதனை நிறைவேற்றக் கூடாதவரானார். மணமகளே விவாகத்திற்கு முந்திய இரவில் அவ்விசையை எழுதி முடித்தார்.

பெலிக்ஸ் தமது 8, 9-ஆம் பாடற் றொகுதிகளில் தமக்கையாரின் பாடல்கள் ஆறினைத் தம் பெயராலேயே அச்சிட்டார். 1842-இல் விக்டோரியா மகாராணியார் அத்தொகுதியினின்றும் தமக்கு உவப்பான பாடலொன்றைத் தெரிந்து பாடியபொழுது, அது தமக்கையார் இயற்றியதென்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பேன்னி தம் பெயரால் முதற் றொகுதியை வெளியிட்டது 1846-இல். மறு ஆண்டு மே மாதத்தில், 41-ஆம் வயதில், காலஞ்சென்றார். அவர் இயற்றியவை 450-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை அச்சேறாமலே கிடந்தன.

அதனால் விளைந்த மயக்கம் ஒன்றினை ஈண்டுக் கூறுவோம். 1828-இல் அவர் இயற்றிய ‘ஈஸ்டர் சோனாட்டா’வின் கையெழுத்துப் பிரதி 1970-இல் பாரிஸில் அகப்பட்டது. அதன்மீது ‘எப். மெண்டல்ஸன்’ என்றிருக்கவே, அறிஞர் அதனைத் தம்பியாருடையதென்று கொண்டனர். 2010-இல் ஏஞ்சலா மேஸ் என்னும் ஆராய்ச்சி மாணவி எழுத்தின் வடிவினையும் பக்க எண்களையும் ஒப்புநோக்கி, அது பேன்னியின் ஏட்டினின்றும் பிரிந்ததே என நிறுவினார். 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் தேதி அவ்விசை அவர் பெயராலேயே பிரிட்டிஷ் வானொலியில் ஒலித்தது.

பெண்டிருள் இசை இயற்றினார் அரியர் என்று கூறுவார் இதனைச் சிந்திப்பாராக. குறைந்தது புலமையன்று, அதனை அச்சேற்றிப் பெயருடன் போற்றும் வழக்கமே குறைந்தது. ஆதலின் நம் கல்லூரி இசைவிழா நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாடலுக்கும் இயற்றியவர் பெயரை முழுமையாக அச்சிடுதல் நன்று. முதலெழுத்து மட்டும் போதாதென்பதற்கு இவ்வம்மையார் வரலாறே சான்றாம்.