பழைய பிளக்கைத் தூக்கிப் போடும் முன்

களைக்கொல்லி வேண்டாம் என்று இருக்கும் நமக்கு, களை மண்டும் நேரத்தில் பவர் வீடர் நின்றுபோனால் பெரிய சிக்கல். உடனே புது பிளக் வாங்க ஓடாதீங்க. பழைய பிளக்தான் இன்ஜினோட பாஸ்புக். உள்ளே நடந்தது எல்லாம் அதில் தெரியும். இன்ஜின் ஆறியதும் கழற்றி நுனியைப் பாருங்க. வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்க. வெள்ளையாக வெந்திருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடேறுது, மெக்கானிக்கிடம் காட்டணும்.

தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் உள்ள நம்பரையே கேட்டு வாங்குங்க. மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கையாலேயே முழுதும் திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்.