காணாத ஊருக்குக் கால்பந்துக் கொடி

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், பிஜய்கட், நேதாஜி நகர், பாகாஜதின் பகுதிகளில் வசிக்கும் ஓர் இளைஞரிடம் "தேஷேர் பாடி" எங்கே என்று கேட்டால், தான் குடியிருக்கும் தெருவின் பெயரை அவர் சொல்வதில்லை. பரிசால் என்பார், டாக்கா என்பார், பரித்பூர், மைமன்சிங் என்பார். "தேஷேர் பாடி" என்றால் வங்க மொழியில் பூர்வீக வீடு. அந்த வீட்டை அவர் பார்த்ததில்லை. அவருடைய தந்தையும் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார். கடவுச்சீட்டும் விசாவும் இன்றி அங்கே போகவும் முடியாது. ஆயினும், கேட்டவுடன் வாயில் வருவது அந்த ஊரின் பெயர்தான்.

அவருக்கும் அந்த ஊருக்கும் இன்று எஞ்சியிருக்கும் தொடர்பு மிகச் சில. பாட்டி பேசிய கிழக்கு வங்க வட்டார வழக்கில் கொஞ்சம் சொற்கள். வீட்டுச் சமையலின் காரம். அலமாரியில் மடித்து வைத்திருக்கும் ஒரு சிவப்பு, மஞ்சள் கொடி. அது ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்பின் கொடி.

தேசப் பிரிவினையின்போது சியால்டா ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களுள் பல, நகரின் தெற்கே சதுப்பு நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவக் குடில்களிலும் தாங்களாகவே குடியிருப்புகளை அமைத்துக் கொண்டன. புதிய நகரில் அவர்களுக்கு உறவினர் குறைவு, வேலை இல்லை, பேச்சைக் கேட்டாலே அகதி என்று அடையாளம் தெரிந்துவிடும். அந்த நிலையில், அவர்கள் விட்டு வந்த மண்ணின் பெயரைத் தன் பெயராகவே தாங்கி நின்ற ஒன்று மைதானில் இருந்தது. வாரம் தவறாமல் அது ஆடியது. பல வாரங்களில் வென்றது.

ஒரு வீரரை நீக்கியதில் பிறந்த கிளப்

ஈஸ்ட் பெங்கால் பிரிவினையால் பிறந்த கிளப் அன்று. அது 1920 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே தொடங்கப்பட்டுவிட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபகான் கிளப் நிர்வாகம் களமிறக்க மறுத்தது. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதே காரணம் என்ற மனக்கசப்பில், அந்தக் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறிப் புதிய கிளப்பை உருவாக்கினார். 1925 மே 28-இல் மோகன் பகானை லீக் ஆட்டத்தில் முதல்முறையாக எதிர்கொண்ட ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது.

எதிர்த்தரப்பின் பெருமையோ இன்னும் பழையது. 1889-இல் வடக்குக் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1911 ஜூலை 29-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படை அணியை 2-1 என வீழ்த்தியது. பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். ஷியாம்பஜார், பாக்பஜார் பகுதிகளிலும் ஹூக்ளி, ஹவுரா மாவட்டங்களிலும் பிறந்து வளரும் பச்சை, மெரூன் நிற ரசிகருக்கு அந்த நாள் பாடப்புத்தகத்தில் படித்த வரலாறு அல்ல. வீட்டில் கேட்டு வளர்ந்த குடும்பக் கதை. ஜூலை 29 இன்றும் "மோகன் பகான் தினம்".

பூர்வீக மேற்கு வங்கத்தவர் "கோட்டி"; கிழக்கிலிருந்து வந்தவர் "பாங்கால்". கோட்டிக்கு மோகன் பகான், பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால் என்பது ஊரறிந்த கணக்கு. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் இறால். பெரிய ஆட்டத்தின் மறுநாள் காலை மீன் சந்தையில் விலையைக் கேட்டே முடிவைச் சொல்லிவிடலாம் என்பது கொல்கத்தாவின் பழைய வேடிக்கை.

ஆனால், கணக்கு அவ்வளவு நேரானதும் அல்ல. 1911-இல் மோகன் பகானுக்கு ஆடிய அந்தப் பதினொருவரில் பலரின் பூர்வீகம் கிழக்கு வங்கமே. மறுபுறம், பிரிவினைக்குப் பின் அகதிக் குடியிருப்புகளின் தெய்வங்களாக விளங்கி, "பஞ்ச பாண்டவர்" எனக் கொண்டாடப்பட்ட ஈஸ்ட் பெங்கால் முன்வரிசை வீரர்கள் ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர்கள். வீடிழந்து வந்த வங்காளியின் ஊர்ப் பெருமையை 1949 முதல் சில ஆண்டுகள் காத்துக் கொடுத்தவை பெங்களூரு, ஆந்திரம், கேரளத்துக் கால்கள். இதில் முரண்பாடு இருப்பதாக ரசிகர் எவரும் நினைத்ததில்லை. சீருடையை அணிந்தவர் ஊர்க்காரர் ஆகிவிடுகிறார்.

ஒரு ரசிகரின் ஓராண்டு

இந்த ரசிகர்களின் ஆண்டு, வங்கப் புத்தாண்டான பைசாக முதல் நாளில் தொடங்குகிறது. ஏப்ரல் நடுவில் வரும் அந்தக் காலையில் மைதானில் உள்ள இரு கிளப்புகளின் ஆடுகளங்களிலும் கோல் கம்பத்துக்கு மாலையிட்டுப் பூஜை செய்கிறார்கள். "பார் பூஜை" என்று அதற்குப் பெயர். புரோகிதர் மந்திரம் ஓத, வீரர்களும் நிர்வாகிகளும் ரசிகர்களும் சுற்றி நிற்பார்கள். பல தந்தையர் தங்கள் பிள்ளைகளை முதன்முதலில் கிளப்புக்கு அழைத்து வரும் நாள் அது.

மற்ற நாள்களில் கல்லூரி முடிந்தோ, வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்தோ பயிற்சியைப் பார்க்க வருவோர் உண்டு. மழைக்காலத்தில் சேறாகிக் கிடக்கும் களத்தில் கொல்கத்தா லீக். கிளப் கூடாரத்து உணவகத்தில் ரொட்டியும் ஸ்டூவும். பெரிய ஆட்டம் நெருங்கினால் இரவெல்லாம் விழித்துத் துணியில் வண்ணம் தீட்டுவது. அன்று பிற்பகல் மினி லாரியில் கொடியுடன் நின்றபடியே சால்ட் லேக் அரங்கம் நோக்கிச் செல்வது. 1997 ஜூலை 13-இல் கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதிக்காக அந்த அரங்கில் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கூடினர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. இன்றைய இளம் ரசிகர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கோலையும் நேரில் கண்டவர்போல் விவரிப்பார்கள்.

இந்தப் பற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1975 செப்டம்பர் 30-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகான் 0-5 எனத் தோற்றபோது அதன் இளம் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக் கொண்டார். அதைப் பக்தியின் உச்சம் என்று பேசுவோர் இன்றும் உள்ளனர். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. 1980 ஆகஸ்ட் 16-இல் ஈடன் கார்டன் மைதானத்தில் இரு தரப்பினரும் கலந்து அமர்ந்திருந்த பகுதியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகளின் வரவை எதிர்பார்த்துப் பல வீடுகள் இரவெல்லாம் விழித்திருந்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்ததான முகாம் நடத்தப்படுகிறது. இரு தரப்பினருக்கும் தனித்தனி வாயில், தனித்தனி இருக்கைப் பகுதி என்ற இன்றைய ஏற்பாட்டின் பின்னால் அந்தப் பதினாறு பேர் இருக்கிறார்கள்.

பெயருக்காக ஒரு போராட்டம்

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது கொல்கத்தாவின் பெயரில் அதில் ஆடியது இவ்விரு கிளப்புகளும் அல்ல; முதலீட்டாளர்கள் உருவாக்கிய புதிய அணி ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 2020-இல் அந்த அணியுடன் இணைந்த மோகன் பகான், "ஏடிகே மோகன் பகான்" ஆனது. ஈஸ்ட் பெங்காலும் ஒரு சிமென்ட் நிறுவனத்தின் துணையுடன் அதே ஆண்டு லீகில் சேர்ந்தது. லீகின் முதல் பெரிய ஆட்டம் 2020 நவம்பர் 27-இல் நடந்தது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அது நடந்த இடம் கோவா. பார்வையாளர் எவரும் இல்லை. 2-0 என மோகன் பகான் வென்றது. கொல்கத்தாவின் இருதரப்பு வீடுகளும் கதவடைத்துத் தொலைக்காட்சியில் பார்த்தன.

வெற்றி கிடைத்தும் மோகன் பகான் இளைஞர்களுக்கு நிறைவில்லை. தாத்தா காலத்துப் பெயருக்கு முன்னால் வேற்றுப் பெயர் எதற்கு என்ற கேள்வி தெருவிலும் சமூக வலைதளங்களிலும் மூன்று ஆண்டுகள் ஓயவில்லை. 2023 மார்ச் 18-இல் அணி லீக் கோப்பையை வென்ற இரவில், "ஏடிகே" நீக்கப்படும் என உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். அணி இப்போது "மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்". ஒரு முன்னொட்டு போய் ஒரு பின்னொட்டு வந்ததுதானே என்று சலித்துக் கொள்வோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் கவலை வேறு. முதலீட்டாளருடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் விவகாரத்தில் 2021 ஜூலையில் கிளப் கூடாரத்தின் முன் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் திரண்டனர். போலீஸார் தடியடி நடத்தினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் தோல்விகளும் தொடர்ந்தன. 2012-க்குப் பின் தேசிய அளவில் ஒரு கோப்பைகூட இல்லை. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து கல்லூரிக்குப் போகும் வரை கேலியை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, 2024 ஜனவரி 28-இல் புவனேசுவரத்தில் ஒடிஸா அணியை 3-2 என வென்று சூப்பர் கோப்பை வந்தபோதுதான் முதன்முதலாக வெற்றியைச் சுவைத்தது.

ரத்தமா, காகிதமா?

இத்தனைக்கும் நடுவே, அந்தப் பழைய ஊர் மறக்கப்பட்டுவிடும் என்றே பலர் எண்ணினர். வட்டார வழக்கு தேய்ந்துவிட்டது. கோட்டி வீட்டுப் பெண்ணும் பாங்கால் வீட்டுப் பிள்ளையும் மணம் புரிவது சாதாரணம். பெங்களூரிலும் ஹைதராபாதிலும் வேலைக்குப் போய்விட்ட இளைஞர், அங்கே வாடகை அறையில் நண்பர்களுடன் அமர்ந்து திரையில் ஆட்டம் பார்க்கிறார். அவரை அந்த மாநிலத்தவர் கோட்டி என்றோ பாங்கால் என்றோ பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அவர் வெறும் வங்காளி.

அஸ்ஸாமில் தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019 ஆகஸ்டில் வெளியாகி, சுமார் 19 லட்சம் பேரின் பெயர் விடுபட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரி 19-ஆம் தேதி சால்ட் லேக் அரங்கில் பெரிய ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் இருக்கைப் பகுதியில் பிரம்மாண்டமான பதாகை ஒன்று எழுந்தது. இந்த மண்ணை நாங்கள் ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்பது அதன் பொருள். அதைத் தூக்கிப் பிடித்தவர்கள் அகதிகள் அல்லர், அகதிகளின் பேரப்பிள்ளைகள். ஆட்டத்தில் அவர்கள் அணி 1-2 எனத் தோற்றது. ஆனால் மறுநாள் பேசப்பட்டது பதாகைதான்.

2025 ஆகஸ்டிலும் அதுவே நடந்தது. வங்க மொழி பேசும் தொழிலாளர்கள் பிற மாநிலங்களில் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்படுவதாகப் புகார்கள் எழுந்த வேளையில், டூரண்டு கோப்பை ஆட்டத்தின்போது ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இன்னொரு பதாகையை விரித்தனர். அன்று நாட்டு விடுதலைக்காகத் தூக்குக்கயிற்றை ஏற்றோம். தாய்மொழி பேசினால் இன்று வங்கதேசத்தவரா என்று அது கேட்டது. "தேஷேர் பாடி" எங்கே என்ற கேள்விக்குப் பெருமையாகச் சொல்லப்பட்ட பதிலே ஒருவரை ஐயத்துக்குரியவராக ஆக்கிவிடலாம் என்பதை அந்த இளைஞர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டம் நடக்காத நாள்

2024 ஆகஸ்ட் 9-இல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. 18-ஆம் தேதி டூரண்டு கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதாக இருந்தது. இருக்கைகளில் நீதி கேட்டுப் பதாகைகள் எழும் என்பது ஊரறிந்த செய்தி. போதிய போலீஸாரை அனுப்ப இயலாது என்ற காரணத்தால் ஆட்டம் ரத்தானது. அரங்கைச் சுற்றித் தடை உத்தரவும் போடப்பட்டது.

ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் வந்தனர். சிவப்பு, மஞ்சள் சட்டைகளும் பச்சை, மெரூன் சட்டைகளும் ஒரே சாலையில் கலந்தன. நகரின் மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு, வெள்ளையும் சேர்ந்தது. கொட்டும் மழையிலும் கூட்டம் கலையவில்லை. இரண்டு இருக்கைப் பகுதிகளுக்கும் ஒரே குரல் என்று முழங்கினர். தடியடி நடந்தது, பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். ஓர் அணியின் ரசிகரை மறு அணியின் ரசிகர் தோளில் தூக்கி நிறுத்தியிருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியது. கொல்கத்தாவின் மூத்த ரசிகர்கள் தங்கள் வாழ்நாளில் காணாத காட்சி அது.

ரத்தான ஆட்டத்துக்குப் பின் இரு அணிகளும் முதலில் சந்தித்தது 2024 அக்டோபர் 19-இல், அதே அரங்கில். ரசிகர்கள் வழக்கம்போல் தனித்தனி வாயில்கள் வழியாக உள்ளே சென்றனர். 2-0 என மோகன் பகான் வென்றது.