தட்டு எந்தப் பக்கம் சாயும்?

பறக்கும் தட்டை வீசி விளையாடியிருக்கிறீர்களா? வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினால், அந்தத் தட்டு கடைசியில் எந்தப் பக்கம் சாயும்? கொஞ்சம் யோசியுங்கள்!

இடது பக்கம்தான். கடிகார முள் சுற்றுவதுபோலச் சுழன்றுகொண்டே போகும் தட்டு, வேகம் அடங்கியதும் மெல்ல இடப்பக்கம் சரிந்து தரையைத் தொடும். இடது கைக்காரர்களுக்கு இது நேர்மாறு.

தட்டை வீசிச் சங்கிலிக் கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப். 1975-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஒரு பூங்காவுக்குள்தான் இதற்கென்றே முதல் நிரந்தரத் திடல் அமைந்தது. பூங்கா என்றால் நடக்க வருபவர்களும் இருப்பார்கள் இல்லையா? அதனால், தட்டு சாய்கிற பக்கத்தை ஒட்டி நடைபாதை வராமல் பார்த்துக்கொள்வது நல்ல திடலுக்கு அழகு. பாதை குறுக்கே போயே ஆகவேண்டுமா? வீசுபவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் போகட்டும்.

இப்போது நம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டத்துத் திடல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். லயத்து வீடுகளிலிருந்து கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. சாயங்கால வெயிலில், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி மெதுவாக நடந்து வருகிறார். அங்கே தட்டு வீசும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: பாட்டி தாண்டிப் போகும்வரை, தட்டு கையிலேயே இருக்கட்டும்!