எஞ்சின் படத்துக்கும் உரிமத் தொகையா?

நம் கடைகளில் தொங்கும் காலண்டரிலும், தேயிலைப் பாக்கெட்டிலும், தீப்பெட்டி லேபிளிலும், பிள்ளைகளின் டிபன் பாக்ஸிலும் நீராவி எஞ்சின் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. புகை விட்டுக்கொண்டு மலையேறும் எஞ்சினுக்கு வாடிக்கையாளரிடம் என்றைக்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்தப் படத்துக்கு நான்தான் சொந்தக்காரன், விற்பனையில் எனக்குப் பங்கு எடுத்து வை என்று ஒருவர் வக்கீல் நோட்டீஸ் விட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் இது நடந்து, கோர்ட் வரை போய், 2006ல் ஒரு வழியாக முடிந்தது. படம் போட்ட சரக்கை விற்கும் வணிக அன்பர்கள் அந்த விவகாரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், யாருக்கு எது சொந்தம் என்பது புரிய வேண்டும். மண்டித் தொழில் செய்வோருக்கு இது கடினமில்லை. கிடங்கு ஒருவருடையது, உள்ளே அடுக்கியிருக்கும் மூட்டை இன்னொருவருடையது, மூட்டையின் மேல் அச்சிட்ட மார்க்கா மூன்றாமவருடையதாக இருக்கலாம். கிடங்குச் சாவி வைத்திருப்பவர் மார்க்காவுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. எஞ்சின் படமும் அப்படித்தான். இரும்பு எஞ்சின் ஒருவருக்குச் சொந்தம். அதைப் படம் பிடித்தவருக்கு அந்தப் போட்டோவில் காப்புரிமை. எஞ்சினின் மேல் எழுதியிருக்கும் பெயரும் சின்னமும் ரயில் கம்பெனியின் டிரேட் மார்க். மூன்றும் மூன்று கைகளில் இருப்பது சர்வ சாதாரணம்.

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் 4449 என்ற எண்ணுள்ள எஞ்சின் ஒன்று இருக்கிறது. 1941ல் சதர்ன் பசிபிக் கம்பெனிக்காகக் கட்டியது. சிவப்பும் ஆரஞ்சுமாக வண்ணம் பூசிய அழகான எஞ்சின். 1958ல் கம்பெனி அதை நகராட்சிக்கே கொடுத்துவிட்டது. ஆக, இரும்பு நகராட்சியின் சொத்து. ஆனால் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சதர்ன் பசிபிக் என்ற பெயர்? அந்தக் கம்பெனி 1996ல் யூனியன் பசிபிக் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே பெயருக்கான உரிமையும் அந்தக் கம்பெனியிடம் போய்விட்டது. நகராட்சியிடம் அனுமதி வாங்கிப் பொம்மை செய்தவர் கதவை இன்னொருவர் வந்து தட்ட வழி உண்டு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த யூனியன் பசிபிக்தான் வழக்குக்கும் காரணம். நீராவி எஞ்சின்களை இன்றும் தானே வைத்துப் பராமரிக்கும் கம்பெனி அது. 1944ல் கட்டிய 844ஆம் எண் எஞ்சினை ஒருநாளும் தன் கணக்கிலிருந்து நீக்கவில்லை. ‘பிக் பாய்’ என்று பெயர் பெற்ற ராட்சத எஞ்சின் ஒன்றை 2013ல் ஒரு மியூசியத்திலிருந்து திரும்ப வாங்கி, பழுது பார்த்து, 2019ல் மறுபடி ஓட்டியது. இந்த எஞ்சின்களின் சிறிய மாதிரிகளைச் செய்து விற்பது அங்கே பெரிய தொழில். வாங்குவோர் பிள்ளைகள் மட்டுமல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்குகிறார்கள்.

அதுவரை ரயில் கம்பெனிகள் பொம்மைக்காரர்களிடம் காசு கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததோடு, எஞ்சினின் வரைபடத்தைக் கொடுத்து உதவியதும் உண்டு. தன் பெயர் வீட்டுக்கு வீடு போவது இலவச விளம்பரம்தானே! இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக் போக்கை மாற்றிக்கொண்டது. தன் சின்னத்தைப் போடுகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும் என்றது. தன் சின்னத்துக்கு மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு கூச்சல் எழுந்திருக்காது. தான் விழுங்கிய பழைய கம்பெனிகளின் பெயருக்கும் சேர்த்துக் கேட்டது. மிஸௌரி பசிபிக், வெஸ்டர்ன் பசிபிக், சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்று அந்தப் பட்டியல் நீளமானது. லயனல், ஏதர்ன் என்ற இரண்டு பொம்மைக் கம்பெனிகள் மீது 2004ல் வழக்கும் போட்டது.

கம்பெனிப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிரேட் மார்க்கைக் கண்டவரெல்லாம் பயன்படுத்தும்போது சொந்தக்காரர் சும்மா இருந்தால் நாளடைவில் அவர் உரிமையே பலவீனமாகிவிடும். அதனால் காவல் காப்பது அவசியம்தான். ஆனால் காவல் வேறு, வசூல் வேறு. ஐம்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, தானே உபயோகிக்காமல் மூலையில் போட்ட பெயருக்கு வாடகை கேட்பது எங்கள் பார்வையில் நல்ல வியாபாரமல்ல. சட்டமும் அதை அவ்வளவாக ரசிப்பதில்லை. அமெரிக்காவில் தொடர்ந்து மூன்று வருஷம் உபயோகிக்காத மார்க்கைக் கைவிட்டதாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நம் நாட்டிலும் பதிவான மார்க்கைத் தொடர்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் உபயோகிக்காவிட்டால் பதிவை நீக்கச் சொல்லி மனுப் போடலாம்.

எதிர்த்து நின்றது எம்.டி.எச். என்ற கம்பெனி. வழக்கில் மாட்டிய லயனலுக்கு இது உறவுமில்லை, நட்புமில்லை. தொழில் ரகசியத்தைத் திருடினார்கள் என்று லயனல் மீது வழக்குப் போட்டு, சுமார் 4 கோடி டாலருக்கு ஜூரி தீர்ப்பு வாங்கிய கம்பெனி அது. (பின்னால் அப்பீலில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.) போட்டிக்காரர் நசுங்கட்டும் என்று அது ஒதுங்கியிருக்கலாம், ஆனால் ராயல்டி என்று வந்தால் தொழிலே பாதிக்கும் என்று கணக்குப் போட்டு யூனியன் பசிபிக்கோடு மோதியது. 2006ல் சமரசம் ஏற்பட்டது. மாதிரி ரயில் செய்வோர் லைசென்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் ராயல்டி கிடையாது என்று முடிந்தது. கம்பெனியின் உரிமையும் நின்றது, தொழிலும் பிழைத்தது. தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் வக்கீல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

சின்னம் எதுவும் இல்லாமல் வெறும் உருவத்தை மட்டும் படம் போட்டால் என்ன? இதற்கு எஞ்சின் வழக்கைவிட ஒரு கட்டட வழக்கு நன்றாக விடை சொல்கிறது. கிளீவ்லாண்டில் ராக் இசைக்கான பெரிய மியூசியம் 1995ல் திறந்தது. விசித்திரமான வடிவமுள்ள கட்டடம். ஒரு போட்டோக்காரர் அதைச் சூரிய அஸ்தமனத்தில் படம் எடுத்துப் போஸ்டராக விற்றார். கட்டடத்தின் உருவமே எங்கள் டிரேட் மார்க் என்று மியூசியம் தடையுத்தரவு வாங்கியது. 1998ல் மேல் கோர்ட் அந்தத் தடையை நீக்கிவிட்டது. மியூசியம் தன் கட்டடத்தை ஒரே வடிவில் தொடர்ந்து முத்திரையாகப் பயன்படுத்தவில்லை. போஸ்டரில் உள்ள படம் யாருடைய சரக்கு என்று காட்டும் அடையாளமாகத் தெரியவில்லை, படமாகவே தெரிகிறது என்பது கோர்ட்டின் கருத்து. பார்க்கிறவர் அதைப் படமாக எண்ணுகிறாரா, கம்பெனியின் முத்திரையாக எண்ணுகிறாரா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டிலும் இந்த விஷயம் வந்துவிட்டது. 1881 முதல் ஓடும் டார்ஜிலிங் மலை ரயிலின் இரண்டு இலச்சினைகள் பதிவாகிவிட்டன, அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2021ல் ரயில்வே தரப்பில் அறிவித்தார்கள். பதிவானவை இலச்சினைகள்தான், அந்த எஞ்சினின் எல்லாப் படங்களும் பதிவாகிவிட்டதாக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் டார்ஜிலிங் தேயிலை விற்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டார்ஜிலிங் என்ற பெயரே தேயிலைக்குப் புவிசார் குறியீடாகப் பதிவானது. அதைக் கவனிப்பது டீ போர்டு. ஒரே பாக்கெட்டில் பெயர் ஒரு இலாகாவிடமும் ரயில் இலச்சினை மற்றொரு இலாகாவிடமும் இருக்கிறது. பாக்கெட் அச்சிட ஆர்டர் கொடுக்குமுன் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருஷப் பிறப்புக்குக் காலண்டர் அடிக்கும்போது அச்சகத்தார் ஆல்பத்தை நீட்டுவார்கள். அதில் எஞ்சின் படத்தைத் தேர்ந்தெடுத்தால், போட்டோ யாருடையது, உரிமை வாங்கியாயிற்றா என்று கேட்டு, பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். போட்டோவுக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 வருஷமும் காப்புரிமை உண்டு.

சரக்கை வாங்கி விற்பதோடு சரி, அச்சிடுவது நாமில்லை என்பவர்களும் சற்று நில்லுங்கள். 1999ஆம் வருஷ டிரேட் மார்க் சட்டத்தின் 104ஆம் பிரிவு, போலி மார்க் போட்ட சரக்கை விற்கிறவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது. ஆனால் அதே பிரிவில் கடைக்காரருக்கு ஒரு வழியும் இருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், சந்தேகப்பட முகாந்திரம் இல்லை என்று காட்டி, கேட்டபோது சரக்கு யாரிடம் வாங்கியது என்ற முழு விவரத்தையும் கொடுத்தால் தப்பிக்கலாம். விவரம் கொடுக்கப் பெயரும் விலாசமும் உள்ள கொள்முதல் பில் கையில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதி வாங்கிய சரக்குக்கு அந்த வழி கிடையாது.