சந்திரமுகி என்னும் உருளைக்கிழங்கு

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் சந்தையில் உருளைக்கிழங்கு கேட்டால், "ஜோதியா, சந்திரமுகியா?" என்று கடைக்காரர் திருப்பி வினவுவார். ஊட்டிக் கிழங்கு என்று விளைந்த ஊரின் பெயரைச் சொல்லி வாங்கிப் பழகிய நமக்கு இவ்வினா புதிது. இரண்டனுள் சந்திரமுகியே விலை கூடியது. அக்கூடுதல் விலை எதன் பொருட்டு என்பதையும், அதற்கேற்ற பயனை நாம் எவ்வாறு பெறலாம் என்பதையும் இங்கே காண்போம்.

இதன் முழுப்பெயர் குஃப்ரி சந்திரமுகி. குஃப்ரி என்பது சிம்லாவை அடுத்த மலையூர். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பெற்று, 1956-இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. நீண்ட பகற்பொழுதை உடைய மலைநாட்டுக் கோடையில் உருளைச் செடி நன்கு பூத்துக் காய்க்கும். பூத்தால்தான் இரு வகைகளை இணைத்துப் புதுவகை காண இயலும். ஆதலின் அப்பணிக்குக் குஃப்ரி ஏற்ற இடமாயிற்று. அங்ஙனம் உருவான சந்திரமுகி, 1968-இல் உழவர்க்கு வழங்கப்பெற்றது. ஜோதியும் அவ்வாண்டில் வெளிவந்ததே.

சந்திரமுகி எண்பது தொண்ணூறு நாளில் முதிர்ந்துவிடும். ஜோதி சற்றுப் பிந்தி முதிர்வது. விரைந்து பயன் தரும் சந்திரமுகிக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. பனிமூட்டமும் ஈரமும் சில நாள் நீடித்தால் இலைக்கருகல் நோய் பற்றும். பற்றினால் பசுமையான வயல் ஒரு வாரத்திற்குள் கருகிப் போகலாம். 1845-இல் அயர்லாந்தில் பெரும்பஞ்சத்தை விளைத்த நோயும் இதுவே. இதனைத் தாங்கும் ஆற்றல் சந்திரமுகிக்கு இல்லை. நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலையில் சுவைக்கு உரியது ஒரு பங்கு. உழவர் ஏற்கும் இடருக்கு உரியது மற்றொரு பங்கு.

இனிச் சமையலுக்கு வருவோம். சந்திரமுகி விரைவில் வெந்து மென்மையாகக் குழையும். பொடிமாஸ், தோசை மசாலா, போண்டா ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். வங்காளியர் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்துண்ணும் ஆலு சேத்தோவுக்கும் இதனையே விரும்புவர். தோலுடன் வேகவைத்தல் நன்று. நேரம் மிகுந்தால் நீர் கோத்துவிடும். சாம்பாரில் இடுவதாயின் இறுதியில் இடுக. துண்டு உடையாத கறிக்கு, வேகச் சற்று நேரம் கொள்ளும் ஜோதியே போதும். அதற்கு மிகுவிலை கொடுத்தல் வீண்.

மாசி, பங்குனியில் எடுத்த கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்து சந்தைக்கு வருகிறது. கடுங்குளிரில் மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், அக்கிழங்கு இனிக்கும். எண்ணெயில் இட்டால் கருகும். வாங்கியபின் இருளும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இரண்டு வாரம் பரப்பி வைத்தால் அவ்வினிப்பு பெரிதும் குறையும்.

சிறிது நிலமோ மாடியில் பெரிய சாக்கோ உள்ளவர் தாமே பயிரிடலாம். இரவு வெப்பம் இருபது பாகைக்கு மேற்படின் கிழங்கு இறங்காது. ஆகவே வங்கச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையே நடவுக் காலம். சமையலுக்கு வாங்கியதை நடாமல், சான்று பெற்ற விதைக்கிழங்கையே நடுக. அசுவுணிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய்கள் கிழங்கின் வழியே தலைமுறைதோறும் பெருகி விளைச்சலைக் குன்றச் செய்யும். முளைவிட்ட கிழங்கை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, செடி வளர வளர மண் அணைத்து வருக. இலை மஞ்சளித்ததும் தண்டை அறுத்துவிட்டுப் பத்து நாள் கழித்துத் தோண்டினால் தோல் இறுகியிருக்கும்.

மண் அணைப்பதில் சோர்வு கூடாது. வெயில் பட்டுப் பச்சை நிறங்கொண்ட கிழங்கில் சோலனைன் என்னும் நஞ்சு மிகும். வேகவைத்தாலும் அது நீங்காது. அத்தகைய கிழங்கு சந்திரமுகியே ஆயினும், குழந்தைகள் உண்ணும் இலையில் அதனை இடலாகாது.